குஞ்சுகளை வெளியே விட அவசரம் வேண்டாம்!

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியது. கேட்ட சகோதரிகள் பலர் எழுத்தில் வேண்டும் என்று சொன்னதால் செய்தி மடலுக்குத் தருகிறோம்.)



நாட்டுக்கோழி வளர்ப்பில் நல்லா செய்யறீங்க, வந்து பேசுங்க என்று கூப்பிட்டீர்கள். சந்தோஷம். ஆனால் நல்லா செய்தது பிறகுதான். முதல் தடவை நாங்கள் தோற்றோம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் நாலு குழு இந்த மாதம் குஞ்சு வாங்கக் கடன் கேட்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். அவர்களுக்காகத்தான் முக்கியமாகப் பேசுகிறோம்.

எங்கள் குழுவில் 14 பேர். அதில் 10 பேர் ஆளுக்கு 2,500 ரூபாய் உள்கடன் எடுத்தோம். ஒரு பொரிப்பகத்தில் இருந்து ஒரு நாள் வயதுக் குஞ்சு ஆளுக்கு 25, மொத்தம் 250 வாங்கினோம். மீதிப் பணம் தீவனத்துக்கும் பல்புக்கும் சரியாகப் போனது. புரட்டாசி மாதம். மூன்று வாரம் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்தோம். அட்டையை வட்டமாக வளைத்துக் கட்டி, உமி பரப்பி, மேலே பல்பு தொங்கவிட்டு, ராத்திரி எழுந்து எழுந்து பார்த்தோம். மூன்று வாரத்தில் செத்தது 14 குஞ்சுதான். எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. இதுதான் கஷ்டம், இதைத் தாண்டிட்டோம், இனி அது பாட்டுக்கு மேயும் என்று நினைத்தோம்.

நாலாவது வாரம் திறந்து விட்டோம். எல்லாவற்றையும், ஒரே நாளில். ஐப்பசி பிறந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் 236 குஞ்சில் மிச்சம் 88.

முதலில் பொரிப்பகத்தைத்தான் திட்டினோம். வீக்கான குஞ்சைத் தலையில் கட்டிட்டாங்க என்று சண்டைக்குப் போகக்கூட தயாரானோம். எங்கள் ஊக்குநர்தான் நிறுத்தினார். "மூணு வாரம் சாகாத குஞ்சு நாலாம் வாரம் ஏன் செத்துச்சு? கேட்கிறதுன்னா நம்மளைக் கேட்போம்" என்றார். அன்று குழுக் கூட்டத்தில் ஆளாளுக்கு வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லச் சொல்ல, எங்களுக்கே விளங்கிவிட்டது.

ஒரு வீட்டில் காலையில் பனியோடு பனியாகத் திறந்து விட்டார்கள். குஞ்சுகள் ஈரப் புல்லில் நனைந்து சுவர் ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. அடியில் இருந்தவை மூச்சு முட்டிச் செத்தன. இன்னொரு வீட்டில் காக்கையும் கீரியும். வேறு ஒரு வீட்டில் ஏற்கனவே ஆறு பெட்டைக்கோழி இருந்தது. அவை புதுக் குஞ்சுகளைத் தவிட்டுப் பக்கமே வரவிடவில்லை. தலையில் கொத்திக் கொத்தி விரட்டின. அடிபட்டுச் செத்தது இரண்டு மூன்றுதான், பட்டினியில் வாடிச் செத்ததுதான் அதிகம். தட்டில் தவிடு இருக்கிறதே என்று நாம் பார்க்கிறோம், அது யார் வயிற்றுக்குப் போகிறது என்று பார்க்கவில்லை.

கடைசி வீட்டு அக்காவுக்கு நடந்ததுதான் எங்களால் மறக்க முடியாதது. அவரிடம் பழைய கோழிகள் ஏழு இருந்தன. முட்டை விற்றுத்தான் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவார். வீட்டு விசேஷத்துக்காகச் சந்தையில் இருந்து ஒரு சேவல் வாங்கி வந்து, இரண்டு நாள் முற்றத்திலேயே விட்டிருந்தார். மூன்றாம் நாள் சேவல் தூங்கி வழிந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். அப்புறம் கோழிகளுக்கு, அப்புறம் குஞ்சுகளுக்கு. கழுத்து முறுக்கிக்கொண்டு, இறக்கை தொங்கிப்போய், பத்து நாளில் ஏழு கோழியும் போச்சு, 25 குஞ்சில் இரண்டுதான் தப்பியது. எங்கள் எல்லோருடைய குஞ்சுக்கும் ஏழாம் நாள் சொட்டு மருந்து விட்டிருந்தோம். அதற்கு அடுத்த தவணையை ஒருவரும் போடவில்லை. பழைய கோழிகளுக்கு எப்போதுமே போட்டதில்லை. அக்கா கூட்டத்தில் அழுதார். கடன் வாங்காம இருந்திருந்தா என் கோழியாவது மிஞ்சியிருக்கும் என்றார். எங்களிடம் பதில் இல்லை. அவருடைய தவணையை ஆறு மாதம் தள்ளி வைத்துத் தீர்மானம் எழுதினோம். அதற்கு மேல் எங்களால் முடிந்தது ஒன்றும் இல்லை.

சரி, எங்கே தப்பு? எங்கள் குழுவில் மூத்தவர் ஒரு பாட்டி, கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே குழுவில் சேர்ந்த பிறகுதான். அவர் சொன்னார்: "நீங்க தாயில்லாப் பிள்ளையை ரோட்டுல விட்டுட்டீங்கடி." நம் வீட்டில் கோழி அடைக்கு உட்கார்ந்து பொரித்தால், மூணாம் நாளே குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போய்விடுகிறதே, ஒன்றும் ஆவதில்லையே, அதே மாதிரிதான் இதுவும் என்று நினைத்துவிட்டோம். அங்கே தாய் இருக்கிறது. குளிர்ந்தால் இறக்கைக்குள் வைத்துக்கொள்கிறது. பருந்து நிழல் பட்டால் குரல் கொடுக்கிறது. எதைத் தின்னலாம் என்று கிளறிக் காட்டுகிறது. வேறு கோழி கிட்டே வந்தால் சிலிர்த்துக்கொண்டு பாய்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு அழைத்து வருகிறது. பொரிப்பகக் குஞ்சுக்கு இதில் ஒன்றுமே கிடையாது. அந்த வேலை எல்லாவற்றையும் நாம்தான் செய்ய வேண்டும். பல்பு கட்டியதோடு தாயின் வேலை முடிந்தது என்று நாங்கள் நினைத்ததுதான் தப்பு.

அடுத்த தை மாதம் மறுபடி இறங்கினோம். நாலு பேர் வேண்டவே வேண்டாம் என்று விட்டார்கள். ஆறு பேர் மட்டும், ஆளுக்கு 20 குஞ்சு, மொத்தம் 120. இந்தத் தடவை கால்நடை மருத்துவரையும், கோழி வளர்த்துப் பழகிய பாட்டிகளையும் கேட்டுக் கேட்டுச் செய்தோம்.

பல்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம், இது உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். ஒரு குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு, அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைக்க வேண்டும். எங்களிடம் தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது, குஞ்சுதான் தெர்மாமீட்டர். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு, பரவலாகப் படுத்திருந்தால் சரி. ஒரே ஒரு எச்சரிக்கை. குண்டு பல்புதான் வேண்டும். எங்களில் ஒருவர் எல்.இ.டி. பல்பைப் போட்டுவிட்டு, இவ்வளவு வெளிச்சமா எரியுது, ஏன் நடுங்குதுன்னு கேட்டார். அதில் வெளிச்சம்தான் வரும், குஞ்சுக்குச் சூடு வராது. குண்டு பல்பு இப்போது எல்லாக் கடையிலும் வைப்பதில்லை. குஞ்சு வருவதற்கு முன்பே தேடி வாங்கி, கூடுதலாக ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வெளியே விடும் கதை. மூணாம் வாரக் கடைசியில் இருந்து பகலில் பல்பை அணைத்து, ராத்திரி மட்டும் போட்டோம். குஞ்சுக்கு மேலே இருக்கிற பஞ்சு உதிர்ந்து உண்மையான இறகு வர வேண்டும். முதுகிலும் நெஞ்சிலும் இறகு மூடுவதற்கு ஐந்து, ஆறு வாரம் ஆகிறது. அதுவரை மழையும் பனியும் அதற்கு ஆகாது. கோடையில் கொஞ்சம் முந்தலாம், ஐப்பசி கார்த்திகையில் பிந்தத்தான் வேண்டும். நாள்கணக்கு பார்ப்பதைவிடக் குஞ்சைக் கையில் எடுத்து இறகைப் பாருங்கள்.

நாலாம் வாரம் பஞ்சாரத்தை எடுத்தோம். கோழியைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடைதான். நம் பாட்டி காலத்துச் சாமான், பரணில் கிடந்தது. இதைவிட நல்ல கருவி எங்களுக்குக் கிடைக்கவில்லை. காலை பத்து, பத்தரை மணிக்குப் பனி காய்ந்த பிறகு, காய்ந்த மண்ணில் பத்துக் குஞ்சுக்கு ஒரு பஞ்சாரம் கவிழ்த்தோம். முதல் நாள் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி, பிறகு இரண்டு மணி. மேல் வாயில் பலகையோ முறமோ வைத்து மூட வேண்டும், இல்லாவிட்டால் காக்கை உள்ளே எட்டிப் பார்க்கும். அந்தப் பலகை மேல் ஒரு செங்கல்லும் வையுங்கள், நாய் தள்ளிவிடும். தினமும் இடத்தை மாற்றுங்கள். ஒரே இடத்தில் எச்சம் சேர்ந்து ஈரமானால் ரத்தக் கழிச்சல் வரும். கொட்டகைக்குள்ளே உமியும் அப்படித்தான், கிளறி விட்டுக் காய வைக்க வேண்டும், தண்ணீர் சிந்திய இடத்தை அள்ளிவிட வேண்டும்.

இதிலும் ஒரு தப்பு செய்தோம், மறைக்கவில்லை. ஒரு நாள் பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிட்டு நூறு நாள் வேலைக்கு அட்டை பதியப் போன ஒருவர் பகல் ஒரு மணிக்குத்தான் திரும்பினார். நிழல் நகர்ந்து போய் முழு வெயிலும் பஞ்சாரத்தின் மேல். மாசி வெயில்தான், அதற்கே மூன்று குஞ்சு செத்துவிட்டது. அதில் இருந்து பஞ்சாரத்தின் பாதி மேல் எப்போதும் நனைத்த சாக்கைப் போடுகிறோம், உள்ளே தண்ணீர்க் கிண்ணம் வைக்கிறோம், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் வெளியே வைப்பதே இல்லை.

பஞ்சாரத்தின் இன்னொரு பலன் எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. பழைய கோழிகள் சுற்றிச் சுற்றி வந்து உள்ளே பார்க்கின்றன. குஞ்சும் அவற்றைப் பார்க்கிறது. கொத்த முடியாது, விரட்ட முடியாது. முதல் இரண்டு நாள் பெட்டைகள் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நின்றன. நாலு நாளில் கண்டுகொள்ளாமல் பக்கத்திலேயே மேயத் தொடங்கின. பஞ்சாரத்தின் ஓரமாகவே பழைய கோழிக்கும் ஒரு கை கம்பு போட்டோம். புதுசு இருக்கிற இடத்தில் நமக்கும் தீனி உண்டு என்று அவற்றுக்குப் பழகட்டும் என்றுதான். மாமியார் வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு இப்படி ஒரு பஞ்சாரம் இருந்தா எப்படி இருக்கும் என்று சொல்லி அன்றைக்குச் சிரித்தோம்.

ஆனால் இந்தப் பக்கத்தில் வைக்கிற வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் தடுப்பு மருந்து. இதில் ஒரு அடி பின்வாங்காதீர்கள். கோழிக் கழிச்சலுக்கு, ராணிக்கெட் நோய் என்று மருத்துவர் சொல்வது இதைத்தான், வந்த பிறகு மருந்து கிடையாது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலு வாரத்தில், அதாவது 28ம் நாள் இன்னொரு தவணை. எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. அந்த ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடல்புழு மருந்து. அம்மைக்குத் தனி ஊசி உண்டு, நாளை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போட்ட அன்றே பலன் வராது, ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், அதுவரை கலக்கக் கூடாது. மருந்தை ஐஸ் வைத்த பாத்திரத்தில்தான் கொண்டுவர வேண்டும், வெயிலில் பையில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தால் தண்ணீரைச் சொட்டு விடுவதற்குச் சமம். ஒரு புட்டி உடைத்தால் நூறு, இருநூறு கோழிக்கு வரும், வைத்து மறுநாள் போட முடியாது. அதனால் குழுவாகச் சேர்ந்து, தெருவில் எல்லோர் கோழியையும் ஒரே சாயங்காலம் போடுகிறோம். குழுவில் இல்லாதவர் கோழியையும் சேர்த்துத்தான். அவங்க கோழிக்கு நாம ஏன் என்று எங்களிலும் சிலர் கேட்டார்கள். நோய்க்கு யார் குழுவில் இருக்கிறார்கள் என்று தெரியாதே. பிப்ரவரி மாதம் கால்நடைத் துறை நடத்துகிற இருவார முகாமில் பழைய கோழிகளுக்கும் போட்டுவிடுங்கள்.

சந்தையில் வாங்கிய கோழி எதுவாக இருந்தாலும், விசேஷத்துக்கு அறுக்கப் போகிற சேவலாக இருந்தாலும், முற்றத்தில் விடாதீர்கள். வளர்க்க வாங்கியது என்றால் மூன்று, நாலு வாரம் வேறு இடத்தில் தனியாக வைத்து, தனித் தண்ணீர், தனித் தட்டு. வேலை செய்கிற வரிசையும் முக்கியம். முதலில் குஞ்சுக் கொட்டகை, அப்புறம் பழைய கோழி, கடைசியில் சந்தைக் கோழி, பிறகு கைகால் கழுவல். மாற்றிப் போனால் நம் காலிலேயே நோயைக் கொண்டுபோய்க் குஞ்சுக்குக் கொடுப்போம். ஒரே நேரத்தில் கோழிகள் மொத்தமாகச் செத்தால் மறைக்காமல் உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

தீனி விஷயம். குஞ்சுத் தீவனமும் முட்டைக்கோழித் தீவனமும் ஒன்றல்ல. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அது குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆனால் பெரிய கோழி குஞ்சுத் தீவனத்தைத் தின்றால் நம் பர்ஸ்தான் கெடும். அதனால் குஞ்சு நுழையும், கோழி நுழையாது என்கிற மாதிரி ஒரு இடம் வேண்டும். நாங்கள் பஞ்சாரத்தையே சுற்றிலும் செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்தி, அடியில் இடைவெளி விட்டோம். குஞ்சு குனிந்து உள்ளே போய்த் தின்னும். பெட்டை வெளியே நின்று பார்க்கும். விரட்டினாலும் குஞ்சுக்கு ஓடி ஒளிய இடமும் அதுவே ஆகிவிட்டது. கரையானும் கொடுத்தோம். உடைந்த பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலை திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்தினால் கரையான் மொய்த்திருக்கும். காசு செலவில்லை. வெளியே புல்லும் புழுவும் தின்கிற குஞ்சுக்குக் கொஞ்சம் பொடி மணலும் எட்ட வேண்டும், அதுதான் அதன் வயிற்றில் அரைக்கிற கல்.

எட்டாவது வார ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் முழுதாகத் திறந்தோம். காலையில் இல்லை. சாயங்காலம், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, மத்தியானத் தீனியைக் குறைத்துவிட்டு. பசியோடு இருப்பதால் தூரம் போகாது. இருட்டுகிறதென்றால் கொட்டகையைத் தேடும். தினமும் தீனி போடும்போது ஒரே டப்பாவைத் தட்டி, பா பா பா என்று ஒரே குரலில் கூப்பிட்டுப் பழக்கியிருந்தோம். முதல் நாள் டப்பாவைத் தட்டியதும் இருபதும் ஓடிவந்தபோது ஒரு தங்கச்சி கை தட்டி ஆடியே விட்டாள். ஒரு வாரம் இப்படி, பிறகு நேரத்தை நீட்டினோம்.

ராத்திரி பழைய கோழிகளோடு ஒரே கூண்டில் அடைப்பதையும் இருட்டிய பிறகுதான் செய்தோம். அவை தூக்கத்தில் இருக்கும்போது விடலைகளைப் பக்கத்தில் ஏற்றி வைத்துவிட்டோம். காலையில் ஒன்றாகக் கண் விழித்தால் சண்டை குறைகிறது. ஒன்றிரண்டாக விடாதீர்கள். தனியாகப் போகிற குஞ்சுதான் அடி வாங்கும், கூட்டமாக விட்டால் அடி பிரிந்து போகும். தீனித் தட்டும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். கொத்தல் முழுவதும் நிற்காது. யார் பெரியவர் என்று தீர்மானம் ஆக ஒரு வாரம் வரை ஆகும், அதற்காகப் பழைய கோழியைத் துடைப்பத்தால் அடித்துப் பலனில்லை, நாங்கள் அடித்துப் பார்த்துவிட்டோம். ஆனால் ரத்தம் வந்தால் உடனே அந்தக் குஞ்சைப் பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் எல்லாக் கோழியும் அதையே கொத்தும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டு, காயம் ஆறிய பிறகு சேருங்கள்.

பருந்துக்கு எங்களுக்கு முழுத் தீர்வு கிடைக்கவில்லை. அவரைப் பந்தல், முருங்கை மரத்தடி மாதிரி மேலே மறைப்பு உள்ள இடத்தில் தீனி போடுகிறோம். ஒரு வீட்டில் பழைய மீன் வலையைக் கட்டியிருக்கிறார்கள். அப்படியும் காக்கையும் பருந்தும் சேர்ந்து நாலு குஞ்சைக் கொண்டுபோய்விட்டன, பாம்பு ஒன்றை. 120 குஞ்சில் மூன்று மாதம் முடிந்தபோது 101 இருந்தது. ஆறு பேரும் இரண்டாம் கடனை முடித்துவிட்டார்கள். முதல் கடனில் மூன்று பேருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது, அதையும் இங்கே சொல்வதுதான் நியாயம்.

கடைசி வீட்டு அக்கா எங்களோடு இரண்டாம் தடவை சேரவில்லை என்று சொன்னோம் அல்லவா. நாலு பேரில் அவரும் ஒருவர். மூன்றாம் தடவை குஞ்சு வாங்கப் போனபோது அவரே வந்தார். கடன் வேண்டாம், பத்துக் குஞ்சுக்குக் கைக்காசு தருகிறேன் என்றார். தப்பிய இரண்டு குஞ்சில் ஒன்று வளர்ந்து பெட்டையாகி, அடைக்கு உட்கார்ந்திருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் அடையை விட்டு எழாமல் கிடந்தது. ராத்திரி எட்டு மணிக்கு விளக்கில்லாமல் போய், அடியில் இருந்த முட்டைகளை எடுத்துவிட்டு, ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பின்பக்கமாக அதன் இறக்கைக்குள் தள்ளினார். நாங்கள் வாசலில் மூச்சுக் காட்டாமல் நின்றோம். விடியற்காலையில் அந்தக் கோழி கொக் கொக் என்று பேசிக்கொண்டு பத்தையும் இறக்கைக்குள் வைத்திருந்தது. ஒரு கோழிக்குப் பத்து, பன்னிரண்டுக்கு மேல் வைக்கக் கூடாது. குஞ்சு ஒன்றிரண்டு நாள் வயதுக்கு மேல் ஆகியிருந்தால் கோழியும் ஏற்காது, குஞ்சும் ஒட்டாது. காலையில் கொத்துகிறதா என்று பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும், கொத்தினால் எடுத்துப் பல்புக்குக் கொண்டுபோக ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும். தடுப்பு மருந்து இதற்கும் அதே நாள் கணக்குத்தான்.

"நீங்க பல்பு, பஞ்சாரம், டப்பான்னு ஆறு பேர் சேர்ந்து செய்யறதை என் கோழி ஒண்ணே செய்யுது" என்று அக்கா எங்களைக் கேலி செய்கிறார். செய்யட்டும். பத்தில் ஒன்பது இப்போது அவர் முற்றத்தில் மேய்கிறது. பார்க்க விரும்புகிற குழுக்கள் வரலாம், எந்த வெள்ளிக்கிழமையும் குழுக் கூட்ட நேரத்தில் நாங்கள் எல்லோரும் இருப்போம். உங்கள் வீட்டிலும் கோழி இருந்தால் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே வாருங்கள். அக்கா வாசலில் வாளியோடு நிற்பார்.